ஒன்பது கோப்புகளில் ஒரு வெப்பம்

உகாண்டாவில் ஃபோர்ட் போர்ட்டலை அடுத்த தேயிலைத் தொழிற்சாலையில் கபஹெண்டாவுக்குக் கணினியோடுதான் வேலை. ஆனாலும் மாலையில் வீடு திரும்பினால் தலைமுடிவரை தேயிலைத்தூள் மணக்கும். இலை உலர்த்தும் அடுப்பின் தீயை ஊதிவிடும் விசிறியை ஓட்டுவது அவள் எழுதிய நிரல். ஒன்பது கோப்புகள், ‘வெப்பம்’ என்ற ஒரே எண்ணை ஒன்பதும் எட்டிப் பார்க்கும். பதினான்கு வருடம் முனகாமல் ஓடியதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம். தேவாலயப் பாட்டுக் குழுவில்கூட அதைச் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் பழைய கணினி கண்ணை மூடியது. புதிதாக வந்ததில் நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர், ‘வெப்பத்தை ஒன்பது இடத்தில் உருவாக்கியிருக்கிறாய்’ என்று கத்திவிட்டு நின்றுகொண்டது. சனிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் இவள் நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்பாலாவிலிருந்து ஆயத்தமாக ஒன்று வாங்குவதாக மேலாளர் பகோன்சா சொல்லிவிட்டார்.

ஒன்பது கோப்புகளும் படிக்கும் தலைப்புக் கோப்பில், வெப்பத்துக்கு முன்னால் ‘ஸ்டாடிக்’ என்று ஒரு சொல்லைப் போட்டாள். கத்தல் நின்றது. அவ்வளவுதானே என்று எழுந்து போய்க் கடலைக் குழம்போடு வாழைக்காய் மசியலைச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு கூடை இலையைப் போட்டு ஓட்டினார்கள். தொண்ணூற்றாறு டிகிரியில் நிற்க வேண்டிய விசிறி நூற்று முப்பதிலும் சுழன்றது.

“அப்வூலி, தேயிலையா இது, காப்பிக்கொட்டையா?” விறகு தள்ளும் முசிங்குசி அவளைச் செல்லப்பெயரால் கூப்பிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“முதல்ல சுவிட்ச அமுக்கு அராலி, அப்புறம் வாயாடு!” அவளும் அவன் செல்லப்பெயரைச் சொல்லியே விரட்டினாள்.

திரையில் பார்த்தாள். அளக்கும் கோப்பில் வெப்பம் நூற்று முப்பது. விசிறிக் கோப்பில் பூஜ்யம். ஆளுக்கொரு வெப்பத்தை வைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

“புது கம்பைலர் சரியில்ல. ஒம்போது இடத்துல ஒரே பேரு இருந்தா கத்துது” என்றாள்.

“அதென்ன பண்ணும்?” என்றான் முசிங்குசி. “ நம்ம ஊருக்கே சேர்த்து இருக்கறது பன்னெண்டு செல்லப்பேரு. எங்க வீட்டு வாசல்ல ‘அத்வூக்கி’ன்னு கூப்பிட்டா பொண்டாட்டி, மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, மூணு பேரும் எட்டிப் பாப்பாங்க. யாருன்னு சொல்லிக் கூப்பிடணும்ல?”

அவள் கோப்புகளை மறுபடி திறந்தாள். பழைய கம்பைலர் ஒன்பது வெப்பத்தையும் கண்டுகொள்ளாமல் ஒன்றாக்கிக்கொண்டிருந்தது. புதியது யார் நிஜம் என்று கேட்கிறது. கேட்டது தப்பில்லை.

ஆளுக்கொன்று என்று பிரித்துவைத்த ஸ்டாடிக்கை அழித்தாள். வெப்பத்தை அளக்கும் கோப்பில் மட்டும் உருவாக்கினாள். தலைப்பில் ‘எக்ஸ்டர்ன்’ என்று போட்டாள். அது இருக்குமிடம் வேறு, அங்கே போய்ப் பார் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் சொல் அது.

சனிக்கிழமை தொண்ணூற்றாறில் விசிறி தானாக நின்றது. பகோன்சா புதுத் தேயிலையை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

“கோளாறு எங்க இருந்துச்சு அப்வூலி?”

கம்பைலர் என்று சொல்ல வாயெடுத்தவள் மாற்றிக்கொண்டாள். “என்கிட்டதான். பதினாலு வருஷமா.”

“கம்பாலாக்காரன வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்க சரக்குல கோளாறு வந்தா யாரு பொறுப்புன்னு கேட்டேன். எங்க சரக்குல கோளாறே வராதுங்கறான்!”