என் இனத்தைக் கேட்காத வீட்டுக்காரர்

பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து சொந்த ஊரான ரெங்கத்திலிருந்து கிளம்பியபோது, மாசாயில் இருந்த பெரியம்மா மகளின் வீட்டு ஹாலில்தான் மெத்தை போட்டுப் படுத்தேன். அக்காவுக்கு நிறைமாதம். மாதக் கடைசியில் அவள் மாமியார் வந்து அந்த ஹாலில் தங்கப் போகிறார். அதற்குள் எனக்கு ஒரு வீடு வேண்டும். கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

போலி விளம்பரங்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வாடகை மலிவாக இருக்கும், படத்தில் வீடு பளபளக்கும், வீட்டுக்காரர் எப்போதும் வெளிநாட்டில் இருப்பார், முன்பணத்தை இன்றே அனுப்பச் சொல்வார். தோழிகளுக்கு இதையெல்லாம் நானே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறேன்.

உண்மையான விளம்பரத்துக்குப் போன் செய்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் எழுதி அனுப்புவதில்லை. பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். "இண்டியன் கா?" என்பார்கள். ஆமென்றால், ஓனருக்கு இஷ்டமில்லை, சாரி. மலாயில் சிலர், ஆங்கிலத்தில் சிலர். இன்னும் சிலர் இந்தியர்கள் வேண்டாமென்று விளம்பரத்திலேயே போட்டு என் போன் காசை மிச்சப்படுத்தினார்கள்.

ஒருவர் மட்டும் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் நானே, "நான் இந்தியர், பரவாயில்லையா?" என்று எழுதிக் கேட்டேன். ஆள் நல்லவராக இருந்தால் போதும், எந்த இனமானால் என்ன என்று பதில் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். வாடகை மலிவு. முன்பணம் இன்றே வேண்டும். எல்லாம் என் கண்ணில் பட்டன, ஆனாலும் வங்கிச் செயலியைத் திறந்தேன்.

அக்காவின் கணவர் எட்டிப் பார்த்தார். "அலமாக், வீட்டப் பாக்காமயே காசு அனுப்பப் போறியா? மோட்டர்ல பத்து நிமிஷம் லா. வா, பாத்துட்டு வந்துருவோம்."

நான்காவது மாடியில் கதவைத் திறந்தவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி, கையில் கரண்டியோடு. அது அவருடைய சொந்த வீடு. வாடகைக்கு விடவில்லை, விடப்போவதும் இல்லை. அந்த வாரத்தில் தேடி வந்த மூன்றாவது ஆள் நான். பணம் கொடுத்துவிட்டாயா என்று பதறிக் கேட்டார். இல்லை என்றதும் அவருக்குத்தான் நிம்மதி.

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ஊரில் என்னைக் குடிவைக்கச் சம்மதித்த ஒரே மனிதரிடம் வீடே இல்லை.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு பரிசோதனை வைத்துக்கொண்டேன். எடுத்ததும் இனத்தைக் கேட்டால் வீடு நிஜம். கேட்காமல் இனிக்க இனிக்கப் பேசினால் போனை வைத்துவிட வேண்டும். அந்தக் கேள்வி காதில் விழும்போது முதலில் ஒரு நிம்மதி வரும், அவ்வளவு கெட்டுப் போயிருந்தேன்.

கடைசி வாரத்தில் ஒரு தரை வீட்டுக்குப் போன் செய்தேன். வீட்டுக்காரர் அந்தக் கேள்வியை மலாயில்தான் கேட்டார். அந்த மலாயில் நம் வாடை அடித்தது. "ஆமாண்ணே, தமிழ்தான்" என்றேன் சந்தோஷமாக.

அவரும் தமிழுக்கு மாறினார். "தப்பா நெனச்சுக்காதம்மா. நம்ம ஆளுங்களுக்கு நான் விடறதில்ல. சாம்பிராணி போட்டுச் செவுத்தயெல்லாம் கறுப்பாக்கிடறாங்க. சொந்தக்காரங்கன்னு கூட்டம் வேற சேந்துடுது."

வீடு நிஜம் என்பதில் சந்தேகமே இல்லை.

"சாம்பிராணி போட மாட்டேண்ணே. யாரும் வர மாட்டாங்க. சாமி படம்கூட மாட்ட மாட்டேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். சாமி படத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது. வந்து பார் என்றார்.

நான்கு வருடங்களாக அங்கேதான் இருக்கிறேன். வீட்டுக்காரர் அடுத்த வீட்டிலேயே இருக்கிறார், நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டுச் சாம்பிராணிப் புகை என் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வரும். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். என் வீட்டிலிருந்து வருகிறது என்று அவர் நினைத்துவிடக் கூடாது.