பாதியில் நின்ற பேய்ப்படம்

என் சித்திக்கு உலகத்தில் இரண்டே வகைப் படங்கள்தான். ஒன்று பேய்ப்படம், இன்னொன்று மற்றதெல்லாம். மற்றதெல்லாம் என்ற வகையை அவள் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. காதல் படம் பார்க்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் குறட்டை விடுவாள். பேய்ப்படம் என்றால் மட்டும் முதுகை நிமிர்த்தி, பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி உட்காருவாள்.

அவள் என் அம்மாவின் கடைசித் தங்கை. அம்மாவின் ஊரிலிருந்து கல்லூரிக்கு நேர்ப் பேருந்து இல்லையென்பதால் திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டில் தங்கி, பசுமலையில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தாள். நான் அப்போது நாலாம் வகுப்பு. எனக்கு அக்கா தங்கை யாரும் கிடையாது. அதனால் சித்தி என்ன சொன்னாலும் எனக்கு அது வேதவாக்கு.

சனிக்கிழமை மதியம் அம்மா சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். அதுதான் எங்கள் காட்சி நேரம். கூடத்தில் இருந்த ஒரே ஜன்னலில் போர்வையை மாட்டி இருட்டாக்குவோம். சித்தி தோழியிடமிருந்து வாங்கி வந்த டிவிடியைப் போடுவாள். ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: கத்தக் கூடாது. கத்தினால் அம்மா எழுந்துவிடுவாள், டிவிடி பெட்டி பரணுக்குப் போய்விடும். நான் தலையணையின் மூலையைக் கடித்துக்கொள்வேன். ஏழெட்டுப் படங்கள் பார்த்தும் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. அந்தத் தலையணைக்குத்தான் அடிக்கடி உறை மாற்ற வேண்டியிருந்தது. வீட்டில் எலி இருக்கிறது என்று அம்மா பொறி வைத்தாள்.

சித்தி எல்லாப் படத்துக்கும் மதிப்பெண் போடுவாள். அதற்கென்று ஆய்வகக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கியிருந்தாள். முதல் பத்து நிமிடத்தில் பேய் முகத்தைக் காட்டிவிட்ட படம் அப்போதே ஃபெயில்.

"மூஞ்சியக் காட்டிட்டான்னா அம்புட்டுத்தேன். அதுக்கப்புறம் அது பேயில்ல, மேக்கப் போட்ட ஆளு" என்பாள்.

ஒருமுறை நான் ரொம்பவும் நடுங்கியதைப் பார்த்து, டிவியின் சத்தத்தை முழுக்க நிறுத்திக் காட்டினாள். அவ்வளவு நேரம் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த பேய், சத்தம் போனதும், அவிழ்ந்த கூந்தலோடு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண்ணைப் போல இருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தத்தைத் திரும்ப வைத்தாள், சிரிப்பு போய்விட்டது. பயம் பாதிக்கு மேல் காதில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் சித்தி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போடுவது வேறொரு வகைக்கு. "பேயி இருக்குன்னு நமக்குத் தெரியணும். அந்தப் புள்ளைக்குத் தெரியக் கூடாது. அது பாட்டுக்குப் பேயிகிட்ட நடந்து போகணும். அதவிடப் பெரிய பயம் எதுவுமே இல்லடி." எனக்கு அது முழுசாக விளங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டி வைத்தேன்.

அப்படித் தொண்ணூறுக்கு மேல் வாங்கக்கூடிய ஒரு படம் ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தது. அதன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு பெண் கல்யாணமாகிப் புது வீட்டுக்கு வருகிறாள். மாடியில் பூட்டியிருந்த அறையில் மாலை போட்ட ஆறு புகைப்படங்கள் தொங்குகின்றன. அதை நமக்குத்தான் காட்டுகிறார்கள், அவளுக்கு இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் விருந்தாளிகள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆறு பேர். புகைப்படத்தில் பார்த்த அதே முகங்கள். பெண் சமையலறையில் காப்பி கலந்து, தட்டில் அடுக்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, திரைச்சீலையை விலக்கக் கையை நீட்டுகிறாள். தலையணை முக்கால்வாசி என் வாய்க்குள் இருந்தது.

பட்டென்று கரண்ட் போய்விட்டது.

மின்வெட்டு தலைவிரித்து ஆடிய வருஷங்கள் அவை. போனால் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு, மூன்று. கரண்ட் வருவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். படம் அங்கேயே நின்றது. அந்தப் பெண் திரையை விலக்கினாளா, யாராவது அவளைத் தடுத்தார்களா, ஒன்றும் தெரியாது. அன்று முழுக்க நான் சித்தியின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். நான் குளியலறைக்குப் போனால் வெளியே நின்று சித்தி பாட்டுப் பாட வேண்டும் என்பது வழக்கம். அன்றைக்கு இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்திவிட்டாள். அவளும் படத்தில் பயந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம், சொந்தமாக ரைஸ் மில், ஒரே பையன். ஜாதகம் பொருந்தி, புகைப்படம் பிடித்து, நேரில் பார்த்துப் பூ வைப்பது மட்டும்தான் பாக்கி. சித்திக்கு அதே கல்லூரியில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருந்தது. படித்தது போதும், எங்கள் வீட்டில் பெண்கள் வெளியே போவதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ரெண்டு வருசம் போகட்டுமேக்கா" என்று சித்தி கேட்டாள்.

"ரெண்டு வருசத்துக்கு அந்த மாப்பிள்ளை ஒத்தக் கால்ல நிப்பாரா?" என்றாள் அம்மா.

அதன் பிறகு சித்தி அதைப் பற்றிப் பேசவேயில்லை. சொன்ன புடவையைக் கட்டினாள், சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். எனக்கோ கல்யாணம் என்றால் பட்டுப்பாவாடை, அதுவும் அரக்கு நிறத்தில். ஆகவே என் முழு ஆதரவும் ரைஸ் மில்லுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா, அக்கா, தாய்மாமா, தரகர். எண்ணிப் பார்த்தேன், ஆறு பேர். மறுபடியும் எண்ணினேன், ஆறேதான்.

தெருப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்ததால் அப்பா ஜன்னலையும் வாசல் கதவையும் சாத்தினார். நாலு மணிக்கு ஒழுங்காகக் கரண்ட் போனது. இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டி நிற்க, கூடம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. முதல் நாள் மின்வெட்டில் தீர்ந்துபோன எமர்ஜென்சி விளக்கை யாரும் சார்ஜ் போட்டிருக்கவில்லை.

"அஞ்சு மணிக்கு வந்துரும், செத்த பொறுத்துப் பாப்போம்" என்றார் அப்பா.

அது நடக்கிற காரியமா? ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். "கரண்டு எப்ப வேணாலும் வரட்டும். நாலரைக்குள்ள பொண்ணக் கூட்டிட்டு வந்துருங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அம்மா பூஜையறையிலிருந்து குத்துவிளக்கைக் கொண்டுவந்து, கூடத்தின் நடுவில் தரையில் வைத்து ஏற்றினாள்.

வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் மனிதர்கள் மனிதர்களாகத்தான் இருப்பார்கள். கீழிருந்து வந்தால் அப்படியில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பெரிய மீசை, அதன் நிழல் நெற்றி வரை ஏறியிருந்தது. தாய்மாமாவின் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு பள்ளங்கள் மட்டும். மாப்பிள்ளையின் அம்மாவுடைய மூக்குத்தி தனியாக மின்னியது. ஆறு பேரும் சமையலறைத் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் அவர்கள் தலைக்கு மேலே மாலை போட்ட எங்கள் தாத்தாவின் படம். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் தலையணை எதுவும் இல்லை.

அப்போது திரைக்குப் பின்னால் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. கிணுகிணுவென்று மெல்லிய சத்தம்தான். ஆனால் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. திரை அசைந்தது. அதன் ஓரத்தில் வளையல் போட்ட சித்தியின் கை தெரிந்தது.

"சித்தி வராத! உள்ள போயிரு! வராத சித்தி, போயிரு!"

அத்தனை படங்களில் அடக்கி வைத்த கத்தலெல்லாம் சேர்ந்து வந்திருக்க வேண்டும். தெருமுனை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். திரைக்கு அந்தப் பக்கம் தட்டு கீழே விழுந்து டம்ளர்கள் உருண்டன. காப்பி திரைக்கு அடியிலிருந்து ஊர்ந்து கூடத்துக்குள் வந்தது. அப்பா என் வாயைப் பொத்தினார். பொத்திக்கொண்டே, நிலைமையைச் சமாளிக்கிறேன் பேர்வழி என்று, "ஒண்ணுமில்லங்க, பேய்ப்படம் பாத்துப் பயந்துருக்கு" என்றார்.

"பேயா?" என்று மாப்பிள்ளையின் அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் பதறவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகக் கூடப் பார்க்கவில்லை. "பொண்ணு வாசலத் தாண்டுற நேரத்துல, வராத போயிருன்னு பச்சப்புள்ள வாயில வந்துருச்சு. அது புள்ள பேசுனது இல்லத்தா" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அப்புறம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "போயித் தாக்கல் சொல்லி விடுறோம்" என்றார். அந்தச் சேதி என்னவென்று அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை பாவம், கடைசியாக வெளியேறினார். சித்தியின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்து, காலி நாற்காலிகளுக்கு மேல் மின்விசிறி சுற்றியது. அம்மா என் முதுகில் இரண்டு போட்டாள். போட்டுவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாள். எலிப்பொறியின் மர்மமும் அன்றைக்கே வெளிப்பட்டுவிட, டிவிடி பெட்டி பரணுக்கு ஏறியது. புள்ளை பயந்திருக்கிறது, பள்ளிவாசலில் ஓதி ஊதச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வா என்று அம்மா சித்தியோடு என்னை அனுப்பினாள்.

சாயங்காலத் தொழுகை முடிகிற நேரம் அது. வாசலில் என்னைப் போலவே இடுப்பிலும் கையிலும் பிள்ளைகள், தாய்மார்களின் கையில் தண்ணீர் பாட்டில்கள். தொழுதுவிட்டு வந்த பெரியவர் ஒருவர் ஏதோ முணுமுணுத்து என் முகத்தில் மூன்று தடவை ஊதினார். பாட்டில் தண்ணீரிலும் ஊதிக் கொடுத்தார். பிறகு சித்தியைப் பார்த்து, "நீயும் ஒரு வாய் குடிம்மா" என்றார். அவள் பாதி பாட்டிலைக் குடித்துவிட்டாள்.

திரும்பும் வழியில் எனக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தாள். பெரிய குற்றம் செய்தவளுக்குப் பருத்திப்பால் எதற்கு என்று எனக்குப் பயமாக இருந்தது.

"கோவமா சித்தி?"

"ஆறிப் போகுது பாரு, குடி."

அவள் தன் டம்ளரை வாயில் வைத்தாள். திடீரென்று அதற்குள்ளேயே சிரித்துப் புரையேறி, கண்ணில் தண்ணீர் வர இருமினாள். அழுகையை மறைக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

நடந்தது ஊருக்குள் பரவி, நாலைந்து மாதத்துக்கு வேறு வரன் எதுவும் வராது என்று ஆகிவிட்டது. சும்மா இருக்கிற நேரத்தில் படிக்கட்டுமே என்று அப்பா சொல்ல, சித்தி எம்.எஸ்சி. சேர்ந்தாள். அப்புறம் அவளை யாரால் நிறுத்த முடிந்தது! இப்போது ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. முப்பது வயதில், கூட வேலை பார்த்தவரை அவளே பார்த்து, அவளே பேசி, கல்யாணம் செய்துகொண்டாள். அரக்கு நிறப் பட்டுப்பாவாடைக்கு எனக்கு வயது கடந்திருந்தது, புடவையாகவே வாங்கிக் கொடுத்தாள்.

ஆனால் இடையில் கழிந்த வருஷங்களில் சித்தியின் வாழ்க்கையைக் கெடுத்த பாவி என்றுதான் என்னை நான் நினைத்திருந்தேன். அதற்குப் பரிகாரமாக அவள் துணியை மடித்து வைப்பேன், அவள் தட்டைக் கழுவுவேன், என் பங்கு முறுக்கை அவளுக்கு எடுத்து வைப்பேன். அந்தச் சேவைகளையெல்லாம் அவள் கூச்சமே இல்லாமல் ஏற்றுக்கொண்டாள்.

போன மாதம் அவனியாபுரத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிறு மதியம், பிள்ளைகள் விளையாடப் போன நேரம், லேப்டாப்பில் ஒரு புதுப் பேய்ப்படம். சித்தி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். என்ன தோன்றியதோ, பதினேழு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் படத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்குடி மன்னிப்பு? அந்தத் திரைக்குப் பின்னாடி நான் எம்புட்டு நேரம் நின்னேன்னு தெரியுமா? காலு நகரவே மாட்டேங்குது. கையில டம்ளரு கெடந்து ஆடுது, நிறுத்த முடியல. நீ கத்தலேன்னா நான் கத்தியிருப்பேன்."

கூடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் அன்றைக்கு நான் அப்படிக் கத்தினேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.