மூன்றாம் வளைவில் அண்ணா இறங்கினார்

ஓக்லாந்து நகர ஓரத்துத் தகனினியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் ஒரு வரிசை வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. காலையில் மோட்டர்வேயைப் பிடிக்க நான் காரை எடுக்கும் நேரத்தில், அந்தக் கட்டட நிலத்தில் ஒரு தண்ணீர் லொறி ஊர்ந்து ஊர்ந்து புழுதிக்குத் தண்ணீர் அடிக்கும். களிமண் நனைந்து ஒரு மணம் வரும். மழை மணம் இல்லை அது. மழை மணத்தில் செடிகொடி எல்லாம் கலந்திருக்கும். இது வெறும் களிமண்ணும் டீசலும். போன செவ்வாய்க்கிழமை கண்ணாடியை இறக்கி அதை முகர்ந்துகொண்டு நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்தார். இந்த ஊரில் ஹோர்ன் அடிப்பதும் தூஷணத்தில் பேசுவதும் ஒன்றுதான். கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தேன். ஆனால் மணம் என்னை விடவில்லை. வேலையிடம் வரை கூடவே வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த மணத்தை நான் வேறு இடத்தில் அறிந்தேன். ஓக்லாந்தின் தெற்குப் பக்கத்தில் ஒரு களிமண் பந்தயத் திடல். முட்டை வடிவம், சுற்றிவரக் கொங்கிறீட் சுவர். ஓட்டம் தொடங்குமுன் ஒரு தண்ணீர் லொறி வந்து மண்ணை நனைக்கும். பிறகு ஸ்டொக் கார்கள் வரும். கார் என்று சொல்வது மரியாதைக்குத்தான். கண்ணாடி கிடையாது. முன்னாலும் பின்னாலும் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, உள்ளே ஒரு கூடு கட்டி, அதற்குள் ஒரு மனிதரைப் பட்டியால் இறுக்கி வைத்திருப்பார்கள். இந்தப் போட்டியில் இடிக்கலாம். இடிக்கத்தான் வேண்டும். முன்னால் போகிறவனைச் சுவரில் சாத்திவிட்டுப் போனால் சனம் எழும்பி நின்று கைதட்டும்.

"இது ரேஸா, தகராறா?" என்று கேட்டான் சேகர். பாபடோயிட்டோயில் என்னோடும் அண்ணாவோடும் ஒரே வாடகை வீட்டில் இருந்தவன், திருச்சிக்காரன், கம்ப்யூட்டர் வேலை. அந்த வீட்டில் அவனுடைய ஆமாவும் எங்களுடைய ஓமும் ஒரே குசினியில் சமைத்தன.

நான் அன்றைக்கு நீளக்கை வைத்த வெள்ளைச் சட்டையை ஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போயிருந்தேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அப்படித்தானே போவோம்? முதல் ஓட்டத்திலேயே சட்டையில் பத்துப் பன்னிரண்டு களிமண் உருண்டைகள். சேகர் மட்டும் குடை விரித்துக்கொண்டு இருந்தான். சுற்றியிருந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாவது ஓட்டத்தில், அதிகம் சிரித்த பெண்மணியே தன் கோப்பிக் கோப்பையோடு அவன் குடைக்குள் ஒதுங்கினார்.

நாங்கள் போனது வேடிக்கை பார்க்க அல்ல. அடுத்த ஓட்டத்தில் அண்ணா ஓடப் போகிறார்.

அண்ணா என்னிலும் ஒன்பது வயது மூத்தவர். அப்பா செத்தபோது அவர் நாலாம் வகுப்பில் இருந்தார். அடுத்த வருடம் யாழ்ப்பாணத்துக் கண்டி ரோட்டில் ஓடும் லொறியில் கிளீனர், பிறகு ட்ரைவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வரை பார்த்த முதல் ஆள் நான். அதை நான் மறக்கவும் இல்லை, மற்றவர்களை மறக்க விடவும் இல்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்த காலம் அது. அண்ணாதான் முதலில் அகதியாக இங்கே வந்து என்னைக் கூப்பிட்டவர். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஆங்கிலத்தில் தன் பெயரை ஒரு படம் கீறுவது போலக் கீறுவார். வீட்டுக்கு வருகிற கடிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்துச் சொல்வதுதான் அவருக்கு நியூசிலாந்து.

அவர் வேலை செய்தது பழைய கார்களை உடைத்து உதிரிப்பாகம் விற்கும் ஒரு யார்டில். முதலாளி ரோன் என்ற வெள்ளைக்காரர். யார்டின் பின்பக்கத்தில் ரோனின் ஸ்டொக் கார் நிற்கும். ரோனின் மகன் அதை ஓடுவான். ஓட்டம் முடிந்து வளைந்து நெளிந்து வரும் காரைத் திங்கட்கிழமை நிமிர்த்துவது அண்ணாவின் பொறுப்பு. ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அண்ணா அந்தக் காருக்குள், எஞ்சின் போடாமல், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டார்.

"தம்பி, எனக்கு இதை ஒருக்கா ஓடோணும் எண்டு ஆசையாக் கிடக்கு."

தனக்கென்று அவர் ஒன்றைக் கேட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். தம்பிக்குச் சப்பாத்து வேணும், தம்பிக்குப் புத்தகம் வேணும் என்று அவர் கடைகடையாக ஏறி இறங்கியது தெரியும். தனக்கு?

ரோனின் மகனுக்கு மணிக்கட்டு முறிந்தது; இனி ஓடமாட்டேன் என்றுவிட்டான். போட்டிப் பருவம் முடிய இன்னும் சில ஓட்டங்கள் இருந்தன. ரோன் அண்ணாவைக் கூப்பிட்டு, இந்த ஞாயிறு ஓடு, ஒழுங்காக ஓடி முடித்தால் அடுத்த பருவம் முழுக்க அந்தக் காரின் இருக்கை உனக்குத்தான் என்றார். ஒரே நிபந்தனை: லைசென்சுக்கு விதிகள் படிக்க வேண்டும். பச்சை மட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்.

பச்சை மட்டை என் கைக்கு வந்தது. எனக்குச் சிறகு முளைத்தது போல இருந்தது. குசினி மேசையில் மீன் வைக்கும் நீள்வட்டத் தட்டைத் திடலாக்கினேன். வறுத்த கடலைகள் கார்கள். கொடிகளுக்கு என்ன செய்வது? சிவப்புக்கு என் துவாய். மஞ்சளுக்குச் சேகரின் மஞ்சப்பை. கறுப்புக்கு அவனுடைய குடை.

"மஞ்சள் காட்டினா?"

"மெல்லப் போறது. ஒருத்தரையும் முந்தேலாது."

"சிவப்பு?"

"நிப்பாட்டுறது."

"கறுப்பு?"

"மழை வருது!" என்றான் சேகர் அடுப்படியிலிருந்து.

"நீ சும்மா இரடா. கறுப்பெண்டா என்னை வெளியில போகச் சொல்லுறாங்கள்," என்று சொல்லிவிட்டு அண்ணா முதலாம் இடத்தில் நின்ற கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்று மாலைகள் இப்படிப் படித்தோம். கடைசியில் சின்ன எழுத்தில் நாலு பக்கம் மிஞ்சியது. மறுநாள் எனக்குக் கல்லூரியில் பரீட்சை. "மிச்சம் இன்சூரன்ஸ் கதை, அண்ணா" என்று புத்தகத்தை மூடினேன். என்னிடம் மறுத்துக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. லைசென்சுக்குக் கொடிகளை மட்டும்தான் கேட்டார்கள். அண்ணா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நல்ல வெயில். பதினைந்து சுற்று. அண்ணா கடைசிக்கு முந்தின வரிசையில் தொடங்கினார். முதல் இரண்டு சுற்றில் அவர் செய்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். பின்னால் வந்தவனுக்குக் கையை வெளியே நீட்டி, முந்து என்று வழி விட்டார். வேலிக்கரையில் நின்ற ரோன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். மூன்றாம் சுற்றில் யாரோ அண்ணாவைப் பின்னாலிருந்து இடித்தார்கள். அத்தோடு கண்டி ரோட்டு ட்ரைவர் விழித்துக்கொண்டார். நாலாம் சுற்றில் ஒருவனைச் சுவரோடு சாத்தினார். சாத்திவிட்டுத் தலையைத் திருப்பி, அவனுக்கு ஒன்றும் இல்லையே என்று பார்த்தார்! ஒன்பதாம் சுற்றில் ஐந்தாம் இடம். சேகர் குடையை மடக்கி ஆட்டிக்கொண்டு, "அண்ணே! அடிங்கண்ணே!" என்று கத்தினான். நான் கத்தவில்லை. இரண்டு பேனாவையும் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஆறு சுற்று, இருக்கை அண்ணாவுக்கு.

மூன்றாம் வளைவில் ஒரு நீலக் கார் சுவரில் ஏறி, பிரண்டு, தலைகீழாக விழுந்தது. மற்றவர்கள் விலத்திக்கொண்டு போனார்கள். அண்ணாவின் கார் நின்றது. பட்டியைக் கழற்றி ஜன்னலால் வெளியே பாய்ந்து, களிமண்ணில் சறுக்கிச் சறுக்கி அந்த நீலக் காரை நோக்கி ஓடினார். சிவப்பு இன்னும் காட்டவில்லை. ஒரு பச்சைக் கார் அவருடைய முதுகுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. பிறகுதான் சிவப்பு வந்தது. எல்லாக் கார்களும் நின்றன. அந்த அமைதியில், அண்ணா மண்ணில் குப்புறப் படுத்து, ஜன்னலுக்குள் இரண்டு கையையும் விட்டு எதையோ தாங்கிப் பிடித்திருப்பது தெரிந்தது. தலைகீழாகத் தொங்கிய பெடியனின் தலையை. தீயணைப்புக்காரர்கள் வரும்வரை அந்தக் கழுத்தை அசையவிடாமல் வைத்திருந்தாராம்.

பெடியனை வெளியே எடுத்தார்கள். கையை அசைத்தான். சனம் கைதட்டியது. அதற்குப் பிறகு கொடிக்காரர் அண்ணாவின் பக்கம் திரும்பினார்.

"குடை காட்டுறாங்கப்பா," என்றான் சேகர் மெதுவாக. இந்த முறை அவன் பகிடி விடவில்லை.

திடலின் ஓரத்தில் ஒரு மரக் கொட்டிலுக்குள் எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு வயதான அதிகாரி. கோபமாகப் பேசவில்லை. ஓட்டம் நடக்கும்போது ஓட்டுநர் காரை விட்டு இறங்கக்கூடாது, எது நடந்தாலும் கூடாது, அது உயிர் விஷயம் என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவர் விதிப் புத்தகம் முழுவதும் வாசித்தாரா?"

எனக்கு அந்த நாலு பக்கமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. 'இல்லை, நான்தான் வாசித்துச் சொல்லவில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் தெரியாமல் செய்த பிழை என்று எழுதியிருப்பார். என் சட்டையில் களிமண், பையில் இரண்டு பேனா. குடும்பத்தில் படித்தவன்.

"வாசித்தார்," என்றேன். "எல்லாம் வாசித்தார்."

அவர் தலையாட்டிவிட்டு எழுதினார். தெரிந்தே செய்த மீறல். அடுத்த பருவம் முழுக்கத் தடை.

"என்னவாம்?" என்றார் அண்ணா.

சொன்னேன். அவர் "ஓம், சரி" என்று தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே அந்தப் பெடியனின் தாய் நின்றிருந்தார். பெரிய உடம்புக்காரி. அண்ணாவைக் கட்டிப் பிடித்து அழுதார். கட்டிப் பிடிக்கப்பட்ட ஒருவர் தன் கைகளை என்ன செய்ய வேண்டும் என்று அண்ணாவுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் நேராக வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு நான்தான் காரோடினேன். சேகர் பின் சீட்டில் நித்திரை.

"அண்ணா."

"ம்."

"கடைசி நாலு பக்கம் நான் உங்களுக்கு வாசிக்கேல்லை. அந்தாள் கேட்டபோது வாசிச்சதெண்டு பொய் சொல்லிப்போட்டன்."

அடுத்த சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினேன்.

"வாசிச்சிருந்தாலும் இறங்கியிருப்பன்," என்றார். பிறகு, ரோட்டைப் பார்த்தபடி, "ஒருக்கா இறங்காமல் வந்தனான், தம்பி. பரந்தனுக்கு அங்கால. முன்னால போன லொறி பிரண்டு கிடந்தது. மேல ஆமிக்காரன்ர ஹெலி சுத்துது. கிளீனர்ப் பெடியன் உள்ளுக்க இருந்து கத்தினவன். நான் கியரை மாத்திப் போட்டு வந்திட்டன்."

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பச்சை விழுந்திட்டுது," என்றார். "போ."

அன்று இரவே அந்த அதிகாரிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, பொய் சொன்னது நான் என்று ஒப்புக்கொண்டேன். மரியாதையான பதில் வந்தது. தடையைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அதற்குள் ரோன் தன் தங்கையின் மகனுக்கு இருக்கையைக் கொடுத்துவிட்டார். அவரில் பிழை இல்லை. அண்ணா அந்தப் பதிலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நான் கடைசி எழுத்துவரை வாசித்தேன். "வடிவா எழுதியிருக்கிறாங்கள்," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த பருவத்தின் முதல் ஓட்டத்துக்கு மூன்று பேரும் போனோம். அண்ணா என் பக்கத்தில், பலகை இருக்கையில். அவர் நிமிர்த்திய காரை வேறொருவர் ஓடினார். ஒவ்வொரு வளைவிலும் அண்ணாவின் வலது கால் கீழே இருந்த பலகையை அழுத்தியது. வளைவுக்குள் விடும், வெளியே வரும்போது அழுத்தும். முகத்தில் ஒன்றும் இல்லை, கால்தான் ஓடியது. பார்க்கக் கூடாததைப் பார்ப்பது போல நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

சேகர் சிட்னிக்குப் போய்விட்டான். யார்ட் இருந்த இடத்தில் மாடி வீடுகள் வந்துவிட்டன. ரோன் வடக்கே எங்கேயோ கடலோரத்தில் இருப்பதாகக் கேள்வி. அந்தக் காரையும் வெட்டி இரும்புக்குப் போட்டிருப்பார்கள். திடலில் இன்னும் ஓடுகிறார்களாம். ஒருமுறை, போவோமா அண்ணா என்று கேட்டேன். "பேரனுக்கு நீச்சல் வகுப்பு இருக்கு, தம்பி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன். நான் ஓட, அவர் பக்கத்துச் சீட்டில். மோட்டர்வேயில் ஏறும் அந்த நீண்ட வளைவில் கடைக்கண்ணால் அவர் வலது காலைப் பார்ப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தைச் சாய்த்து வைத்திருப்பார். அது அசைவதே இல்லை.