கும்பிட்ட பச்சைப் புள்ளி

பூஜையில் பாட்டுக் கேட்க ஒரு பக்தி ஆப் வைத்திருந்தேன். அது பாடும்போதெல்லாம் போன் மேலோரத்தில் பச்சைப் புள்ளி எரியும். காமாட்சியின் கிளிதான் வந்து உட்காருகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். மகள் புகுந்த வீட்டில் படுகிற பாட்டையும் அதன் முன்னால்தான் அம்பாளிடம் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்திருந்த மகள் இதைப் பார்த்துவிட்டாள். "கிளியாம்மா இது? மைக் ஓடிக்கினு இருக்குதுன்னு அர்த்தம். நீ பேசறத அந்த ஆப் கேக்குது. என் மாமியார் கதையையும் சொன்னியா?"

சொன்னேனே! பாட்டுப் போட வந்தவனுக்கு என் அழுகையில் என்ன வேலை? சாமி முன்னால் ஒட்டுக்கேட்கிற ஈனப்பிறவி. மைக் அனுமதியை மட்டும் எடுத்தால் போதும் என்றாள் மகள். நான் ஆப்பையே தூக்கி எறிந்தேன். கேட்ட காது எங்கே இருக்கிறதென்று அம்பாளுக்குத் தெரியும், அவளே திருகட்டும்.