பெர்லவோக்கிலிருந்து மேஹாமுக்குப் பதினைந்து நிமிடம்

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் கடலோர ஊர் பெர்லவோக்கிலிருந்து அடுத்த ஊரான மேஹாமுக்கு விமானத்தில் பதினைந்து நிமிடம். காரில் ஆறு மணி நேரம், அதுவும் மலைப்பாதை திறந்திருந்தால். எங்கள் விமான நிலையத்தில் இதை இருபத்தாறு ஆண்டுகளாகச் சொல்லிவருபவர் ஒட்னி. அவரே பயணச்சீட்டைப் பார்ப்பார். பிறகு வெளியே போய் அதே பெட்டிகளை விமானத்தில் ஏற்றுவார். காபியும் அவர் போட்டதுதான்.

அவருடைய தங்கை சில்யே மேஹாமில் மீன் ஆலையில் வேலை செய்கிறாள். அவள் முதல் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று புயல். ஒட்னியால் போக முடியவில்லை. இரண்டாவது குழந்தைக்கு மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. குழந்தையை ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தாய் ஒட்னி.

"இந்தத் தடவையும் வரலைன்னா என் மாமியாரே தூக்கட்டும்," என்று சில்யே சொல்லியிருந்தாள்.

ஒட்னி விடுப்பு எடுத்து, பத்தரை மணி விமானத்தில் இடம் வாங்கினார்.

அன்று காலை மலையில் பனிக்காற்று. பாதையை மூடிவிட்டார்கள். ஒட்னிக்குப் பதில் வேலை பார்க்க வேண்டிய ஆர்வித், தடைக்கு அந்தப் பக்கம் காரில் உட்கார்ந்திருந்தார். பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் கார்களை வரிசையாகத்தான் விடுவார்கள். ஒரு மணிக்கு முன் இல்லை. தரையில் ஆளில்லாமல் விமானம் கிளம்பக் கூடாது. ஓடுபாதையில் மட்டும் நல்ல வெயில்.

என் அம்மாவை ஏற்றிவிட நான் போனபோது, ஒட்னி விழாவுக்கு உடுத்தும் கம்பளிப் பாவாடையும் மார்பில் குத்திய வெள்ளி ஊக்குமாக முகப்பு மேசையில் நின்றிருந்தார்.

"பெட்டிக்குள்ள லைட்டர், பட்டாசு?"

"இல்ல. நீங்க போகலையா?"

"யாரை விட்டுட்டுப் போறது? கண்ணாடில தெரியிற ஆளையா?"

வாட்சோ ஊரிலிருந்து மேஹாம் போகும் விமானம் வந்தது. அதில் போதகர் குட்ருன் இருந்தார். நான்கு ஊர்த் தேவாலயங்களுக்கு அவர் ஒருவர்தான்; அன்று மேஹாமில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியவரும் அவரே. காபிக்காக இறங்கினார்.

"பாவாடையோட பெட்டி தூக்குறே?"

"ஆர்வித் மலையில மாட்டிக்கிட்டான்."

"அப்ப குழந்தைய யாரு தூக்குறது?"

"சில்யேவோட மாமியார். கை பலமான பொம்பளை."

குட்ருன் காபியை ஊதினார். "சாயங்காலம் விமானம் இருக்கா?"

"நாலு மணிக்கு."

"எனக்கு நாளைக்குத்தான் அடுத்த ஆராதனை. என் பெட்டியை இறக்கு."

"ஏத்தியாச்சு. அடியில இருக்கு."

"அடியில இருந்தா என்ன? ஏத்தினவளுக்கு இறக்கத் தெரியாதா?"

ஒட்னி போய் ஏழு பெட்டிகளை இறக்கி, ஆறை மறுபடி ஏற்றினார். விமானம் ஒன்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் "பயணி இறங்கினார்" என்று எழுதினார். அது பொய்யில்லை.

பதினொன்றே காலுக்கு சில்யே அழைத்தாள். ஒட்னி போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, விமானம் வந்துடுச்சு. உன்னையும் காணோம், குட்ருனையும் காணோம்."

"ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்."

"அவ எதுக்கு இறங்கினா?"

"காபிக்குன்னு சொன்னா."

பின்னணியில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள்.

"மாமியார் கேக்கை வெட்டிட்டாங்க."

"சாப்பிடுங்க. எங்களுக்கு ரெண்டு துண்டு வை."

இரண்டரைக்கு ஆர்வித் வந்து ஒட்னியின் பெட்டியை எடை போட்டார். லைட்டர், பட்டாசு கேட்டார். இல்லை என்றார் ஒட்னி.

ஐந்து மணிக்கு மேஹாம் தேவாலயத்தில் குழந்தை ஒட்னியின் கையில் இருந்தது. தண்ணீர் பட்டதும் அழவில்லை, கொட்டாவி விட்டது என்று குட்ருன் பிறகு சொன்னார்.