சாமி சொன்ன பள்ளிக்கூடம்

சாமியாடும்போது தான் எப்படி இருப்போம் என்று முத்துராணிக்குத் தெரியாது. ஊரே பார்த்திருக்கிறது. அருள் இறங்கினால் அவளுக்கு நினைவு போய்விடும். என்ன சொன்னாள் என்பதைப் பிறர் சொல்லித்தான் கேட்டுக்கொள்வாள்.

எட்டு வருஷத்துக்கு முந்திய வைகாசியில், அம்மன் கோயில் திருவிழாவான கொடையில் வந்த வாக்கும் அப்படித்தான். பரீட்சையில் தோற்ற நாறும்பூநாதனின் மகன் தாமிரபரணியில் குதித்துச் செத்த வாரம் அது. "பிள்ளையள அடைச்சுவச்சுக் கொல்லாதிய. அவுத்து விடுங்க" என்று இசக்கியம்மன் அவள் வாயால் கத்தினாளாம். நாறும்பூநாதன் தன் தென்னந்தோப்பைப் பள்ளிக்கூடமாக்கினார். பிரம்பு இல்லை, பரீட்சை இல்லை. இன்று சேரன்மகாதேவியைச் சுற்றிப் பல ஊர்களில் அப்படித் தோப்புகள். வெளியூர்க்காரர்கள் காரில் வந்து படம் எடுத்துப் போகிறார்கள்.

முத்துராணியின் மகள் மாரிச்செல்வி அங்கேதான் வளர்ந்தாள். அவளுக்கு நர்ஸாக வேண்டும். அதற்கு முதலில் பத்தாவது எழுத வேண்டும். ஆனியில் அரசுப் பள்ளியில் சேர்ந்தால்தான் உண்டு. தோப்பை விட்டுப் போகலாமா என்று நாறும்பூநாதனிடம் கேட்டாள்.

"ஆத்தா வாக்கை நான் மாத்த முடியுமா தாயி? அவளே சொல்லட்டும்" என்றார் நாறும்பூநாதன். முத்துராணியின் புருஷனும் அதையே சொன்னான்.

மாரிச்செல்வி அடுக்களைக் கதவைச் சாத்தினாள். "எம்மா, இந்தக் கொடையில ஆத்தா சொல்லுத மாதிரி நீயே சொல்லிரு, பரீட்சை எழுதப் போலாம்னு."

"பொய்யாட்டமா? எப்படி ஆடணும்னே எனக்குத் தெரியாதேளா!"

"ஊர்ச் சின்னதுவ பூரா ஒன்னைய மாதிரி ஆடித்தான் வெளையாடுது, ஒனக்குத் தெரியலையாக்கும்! இங்கன பாரு. இடது தோள வெட்டுவ. பல்லக் கடிப்ப. அப்புறம் பைய ஒரு சிரிப்பு."

மகள் சிரித்துக் காட்டியதும் முத்துராணி அவள் வாயைப் பொத்தினாள். "இப்படியா சிரிக்கேன்?"

மதியக் கொடையில் மேளம் எவ்வளவோ முழங்கியும் அருள் வரவில்லை. முத்துராணி தோளை வெட்டினாள். பல்லைக் கடித்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். சிரித்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனிக்கு வந்தது.

கண் விழித்தபோது முகத்தில் மஞ்சள்நீர் வழிந்தது. நாறும்பூநாதன் மண்ணில் விழுந்து அழுதுகொண்டிருந்தார்.

"என்னளா சொன்னேன்?"

"பழைய வாக்கேதான்" என்றாள் மாரிச்செல்வி. "தோப்ப விட்டு ஒரு பிள்ளை போனாலும் ஆத்துல ஒண்ண எடுப்பேன்னும் சொன்ன."

முத்துராணி கையை நீட்டினாள். மகள் விலகி நின்றாள்.

"எம்மா, அவ சொன்னாளா, நீ சொன்னியா?"

கோயில் வாசலில் நின்று சத்தியம் பண்ண முத்துராணிக்குத் தைரியம் வரவில்லை.