வெட்ட மனம் வராதவன்

என் மனைவி எஸ்தர் அணுபுரம் வீட்டு பால்கனியில் தூண் கள்ளி ஒன்றை வளர்த்தாள். சாண் நீளத் துண்டாக நட்டது, என் தோளுயரம் வளர்ந்திருந்தது. மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவாள்.

போன வருடம் சர்க்கரை நோயால் அவள் கால்விரலில் புண் வந்தது. விரலை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். "எடுத்துடட்டுங்க, ஒரு வெரல்தானே" என்றாள் எஸ்தர். நான்தான் சம்மதிக்கவில்லை. மூலிகைக் கட்டு, எண்ணெய் என்று மூன்று வாரம் இழுத்தடித்தேன். புண்ணின் விஷம் உடம்பெல்லாம் ஏறி இறந்துபோனாள்.

அதன் பிறகு அவளுடைய செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரே மாதத்தில் அடித்தண்டு பழுப்பாகிக் கொழகொழத்தது. தொட்டியோடு ஆட்டோவில் ஏற்றி, திருக்கழுக்குன்றம் சாலையில் இருந்த நர்சரிக்குக் கொண்டுபோனேன்.

நர்சரிக்கார அம்மா தண்டை அமுக்கிப் பார்த்தார். "இன்னாண்ணா, டெய்லி தண்ணி ஊத்துனியா? அடி அழுகிப்போச்சி. மேல நல்லாத்தான் கீது. வெட்டி, பத்து நாள் நெழல்ல காயவெச்சி மணல்ல நட்டா பொழச்சிக்கும்."

"வெட்டாம காப்பாத்த முடியாதாம்மா?"

"வுட்டா அழுகல் மேல ஏறிக்கினே போவும்ணா. மொத்தமும் பூடும்."

அவர் கத்தியை இறக்கினார். மேல்துண்டின் உள்ளே வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். செடிக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அன்று மாலை பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளுக்குப் போன் செய்து, டாக்டர் சொன்னதையும் நான் தடுத்ததையும் முதன்முறையாகச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

துண்டு வேர் பிடித்துவிட்டது. மகள் இன்னும் அழைக்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.